‘கூடாது’ மறைந்த பலகை: சூழல் ஆவணப்படத்தில் நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது

காரைக்குடிப் பக்கம் ஓர் ஊருணி என்று வைத்துக்கொள்வோம். செம்புராங்கல் படித்துறை. மேல்படிக்கு அருகே இரண்டு இரும்புக் கால் நட்டு ஒரு பலகை. அதில் மூன்று வரி: ‘இங்கு குளிக்கவும் / துணி துவைக்கவும் / கூடாது’. பலகையின் காலிலிருந்து எதிரே நிற்கும் வேப்பமரத்துக்குக் கயிறு கட்டி யாரோ சேலை காயப்போட்டிருக்கிறார்கள். காற்றடிக்கிறது. சேலைத் தலைப்பு பறந்துவந்து மூன்றாவது வரியை மூடுகிறது. இப்போது பலகை என்ன சொல்கிறது? ‘இங்கு குளிக்கவும், துணி துவைக்கவும்.’ காற்று நின்றால் ‘கூடாது’ வெளியே வருகிறது. மறுபடி அடித்தால் மறைகிறது.

கேமராவை முக்காலியில் நிறுத்தி, எதையும் தொடாமல், 20 விநாடி இதை எடுத்தால் போதும். பின்னணிக் குரல் வேண்டாம், இசை வேண்டாம். பார்க்கிறவர் தானாகச் சிரிப்பார். ஆவணப்படத்தில் நகைச்சுவை என்பது அடிப்படையில் இதுதான். யாரும் உட்கார்ந்து ஜோக் எழுதுவதில்லை. ஊரில் ஏற்கெனவே கிடக்கும் முரண் ஒன்றைக் கண்டுபிடித்து, அது தெரிகிற இடத்தில் கேமராவை வைக்கிறோம். கதைப்படத்தில் நகைச்சுவைக் காட்சியை எழுதுகிறார்கள். இங்கே பொறுக்குகிறோம்.

எதற்காக இது? ஊருணி கெட்டுக்கிடக்கிறது, கண்மாய் வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது, கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டப வாசலில் பிளாஸ்டிக் டம்ளர் மலைபோலக் குவிகிறது என்பதெல்லாம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத சேதியா? தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். தகவலுக்குக் குறைவில்லை. ‘எனக்கு மட்டும்தான் இது உறுத்துகிறது போல, நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்’ என்ற தயக்கம்தான் நடுவில் நிற்கிறது. பயமுறுத்தும் படமும் திட்டும் படமும் அந்தத் தயக்கத்தைக் கூட்டுகின்றன. ஒன்று, ‘இனி என்ன செய்து என்ன’ என்று கை விட்டுப் போகும். அல்லது ‘என்னையா சொல்கிறாய்’ என்று கோபம் வரும். ஆனால் கோயில் திடலில் 100 பேர் உட்கார்ந்து அந்தப் பலகையைப் பார்த்து ஒரே நேரத்தில் சிரிக்கும்போது வேறொன்று நடக்கிறது. எல்லாருக்கும் இது தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரும் சிரித்தார், ஊராட்சி உறுப்பினரும் சிரித்தார். இனிமேல் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. சூழல் படத்தில் சிரிப்புக்கு உள்ள பெரிய பயன் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

எது சிரிப்பாகிறது, எது ஆவதில்லை

பீட்டர் மெக்ராவ், காலெப் வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட விளக்கம் படம் எடுப்பவருக்கு நன்றாகக் கைகொடுக்கும். ஏதோ ஒன்று முறை தவறியிருக்க வேண்டும். அதே நேரத்தில் அந்தத் தவறு ஆபத்தில்லாததாகவும் தோன்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சிரிப்பு. தவறே இல்லையென்றால் சலிப்பு. தவறு மட்டும் இருந்து, அது யாரையாவது நோகடிப்பதாகத் தெரிந்தால் கோபம், அல்லது துக்கம்.

பலகையை இதில் வைத்துப் பாருங்கள். விதி ஒன்று சொல்கிறது, நடப்பு வேறாக இருக்கிறது, அது தவறு. சேலைத் தலைப்பு செய்த வேலை என்பதால் யாருக்கும் காயமில்லை. அதே ஊருணித் தண்ணீரைக் குடித்து ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் படுத்திருக்கிறது என்றால் அந்தப் பலகை இனிச் சிரிப்பில்லை. ஒரே சட்டகம், பக்கத்துக் காட்சி மாறியதும் பொருள் மாறிவிடும். எனவே வரிசை முக்கியம். சிரிக்க வேண்டியதை முன்னால் வையுங்கள், வலிக்க வேண்டியதைப் பின்னால் வையுங்கள். வலியைக் காட்டிவிட்டு அதன்மேல் ஜோக் வைத்தால் பார்வையாளர் உங்களை மன்னிக்க மாட்டார். மன்னிக்கவும் கூடாது.

அடுத்த கேள்வி, யாரைப் பார்த்துச் சிரிப்பது? துவைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் கேமராவைத் திருப்பி, ‘போர்டைப் பார்க்கலையா அக்கா?’ என்று கேட்டால் படம் அங்கேயே செத்துவிடும். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவர் சொந்தக்காரர்கள் படத்தை எடுத்தவரைப் பார்த்து முறைப்பார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, ‘வீட்டுக் குழாயில தண்ணி எப்ப வந்துச்சுக்கா?’ என்று கேளுங்கள். பதில் அநேகமாக இப்படி வரும்: ‘நாலு நாளாச்சு தம்பி. குழாயில தண்ணி வந்தா நான் ஏன் துணியத் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வர்றேன்? போர்டு எழுதுனவுகள அந்தக் குழாயையும் வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு.’ இப்போது சிரிப்பு இடம் மாறிவிட்டது. துவைக்கிறவர் கேலிப்பொருள் இல்லை, அவர்தான் கேள்வி கேட்பவர். தடைக்குப் பலகை வைத்தவர்கள் தண்ணீருக்கு வழி வைக்கவில்லை என்ற முரண்தான் இப்போது நடுவில் நிற்கிறது. அதிகாரம் இருக்கும் பக்கமும் வேலை செய்யாத ஏற்பாடும்தான் சிரிப்பின் இலக்கு. வேறு வழியில்லாமல் அதற்குள் மாட்டிக்கொண்டவர் இலக்கு இல்லை. சூழல் படங்களில் மிக அதிகமாக நடக்கும் தவறு இது, செய்கிறவருக்குத் தெரியாமலே நடப்பதும் இதுதான்.

சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொண்டாலும் இதே சிக்கல் வரும். கண்மாய்க்குள் காடாக மண்டியிருப்பதை எள்ளலாகக் காட்டுவது சுலபம். ஆனால் சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. மரத்தைக் கிண்டல் செய்யப் போய் அவர்கள் அடுப்பைக் கிண்டல் செய்துவிடாதீர்கள். துப்புரவுப் பணியாளர், தண்ணீர் சுமப்பவர், குப்பை பொறுக்குபவர் எல்லாருக்கும் இது பொருந்தும். ஊருணிப் படியில் யார் கால் வைக்கலாம் என்ற பழைய கொடுமை சில ஊர்களில் இன்னும் ஆறவில்லை. அந்த இடத்தில் நகைச்சுவைக்கு வேலையே இல்லை. நேராகச் சொல்லுங்கள், அல்லது அந்தப் படத்தை வேறு விதமாக எடுங்கள்.

நம் ஊரில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது

நகைச்சுவையோடு ஊர்க் குறையைச் சொல்வது வெளியிலிருந்து வந்த வித்தையில்லை. புதுக்கோட்டை, காரைக்குடி, மதுரை வட்டாரத்தில் திருவிழாவுக்குப் போடும் ஸ்பெஷல் நாடகத்தில் முதலில் மேடைக்கு வருபவர் பபூன். ராத்திரி முழுக்க நடக்கப்போகும் வள்ளி திருமணத்துக்கு முன்னால், ஆர்மோனியமும் மிருதங்கமும் துணையிருக்க, கூட்டத்தோடு நேருக்கு நேர் பேசுவார். ஊருக்கு வந்த வழியில் சாலை எப்படி இருந்தது என்பதில் ஆரம்பித்து, வேறு யாரும் வாயெடுக்காத விஷயத்தையும் அவர் சொல்லலாம். அவரை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆவணப்படத்துக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, முதலில் வருவது. கதை கனப்பதற்கு முன்னால் அவர் கூட்டத்தை இளக்கிவிடுகிறார். இன்னொன்று, தானும் அந்த ஊரில் ஒருவராக நின்று பேசுவது. எடுத்துக்கொள்ளக் கூடாததும் உண்டு. பெண்களையும் உடல் குறைகளையும் சாதியையும் வைத்துச் செய்யும் கேலி அந்த மேடைகளில் நிறையவே இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

ஆவணப்படமும் செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940-இல் வெளியிட்ட ஏ.கே.செட்டியார் கோட்டையூர்க்காரர். உலகமெங்கும் அலைந்து சுமார் 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்தெடுத்தார். ஏறக்குறைய நான்கு பங்கில் ஒரு பங்கு. இன்று கைபேசியில் எடுப்பவர்கள் முரணைத் தேடி அலையும்போது பத்துக்கு ஒன்று, பதினைந்துக்கு ஒன்று என்று ஆகும். 8 நிமிடப் படத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பதிவு. அதற்கு மேல் போனால் காற்றில் பறக்கும் சேலைகளில் எது நல்ல சேலை என்று தேடியே ஒரு வாரம் போய்விடும்.

முரணைக் கண்டுபிடிப்பது

கேமரா இல்லாமல் முதலில் மூன்று நாள் நடந்து பாருங்கள். கையில் ஒரு நோட்டு. ‘சொல்வது’ என்று ஒரு பத்தி, ‘நடப்பது’ என்று ஒரு பத்தி. சுவரில் எழுதியிருப்பது, பலகையில் இருப்பது, ஒலிபெருக்கியில் கேட்பது முதல் பத்தி. அதற்கு நேர் எதிரே கண்ணில் படுவது இரண்டாவது பத்தி. 15 வரி சேர்ந்தால் அதில் இரண்டு மூன்று படத்துக்குத் தேறும்.

ஓர் எடுத்துக்காட்டு. செட்டிநாட்டு வீட்டின் ஓட்டுக்கூரை உள்பக்கம் சரிந்து முற்றத்தில் மழையை இறக்கும். நான்கு மூலையிலும் விழும் தண்ணீரை அண்டா வைத்துப் பிடித்து, மிச்சத்தை வடிகால் வழியே ஊருணிக்கு விட்டார்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இது எங்கும் மாறாத கணக்கு. 500 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர். அந்தத் தண்ணீர் தெருச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே தெருவுக்குள் 10,000 லிட்டர் டேங்கர் லாரி தண்ணீர் விற்க வருகிறது. மழையில் நனைந்தபடி லாரி. ஓட்டுநர் வைப்பரைப் போட்டிருக்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது, திண்ணையிலிருந்து அகலமான சட்டகத்தில் சாக்கடையும் லாரியும் சேர்ந்து தெரியும்படி வைத்து, ‘10,000 லிட்டர்’ என்ற எழுத்தை இரண்டின் மேலும் ஒரே அளவில் போடுவதுதான். இதில் எண் பிசகக் கூடாது. கூரையை நாடா பிடித்து அளக்க வேண்டும், அன்றைய மழை அளவைப் பதிவிலிருந்து எடுக்க வேண்டும், லாரியின் கொள்ளளவைக் கேட்டு எழுத வேண்டும். சாதாரணப் படத்தில் ஓர் எண் தவறினால் திருத்திக்கொள்ளலாம். சிரிக்க வைக்கும் படத்தில் ஓர் எண் தவறினால் ‘எல்லாமே காமெடிதான்’ என்று மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

இன்னொன்று, குழாயைப் பின்தொடர்வது. மழைநீர் சேகரிப்பு அமைப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது. குழாய் பொருத்திய கட்டடம் நிறைய, குழாய் போய்ச் சேரக் குழி இல்லாத கட்டடமும் நிறைய. மொட்டைமாடியில் ஆரம்பித்து, வெட்டு இல்லாமல், மெதுவாக, மிகப் பெரிய காரியம்போலக் கேமரா குழாயோடு இறங்கி வருகிறது. ஜன்னலைத் தாண்டுகிறது, வளைவில் திரும்புகிறது, தரைக்கு ஓரடி மேலே குழாய் முடிந்துவிடுகிறது. கீழே சிமென்ட் தளம். அங்கேயே மூன்று விநாடி நில்லுங்கள். இதற்கு ஒரு சொல்கூடத் தேவையில்லை.

எதிர்ப்பக்கத்து முரணும் உண்டு. நல்லது நடக்கும் இடத்திலும் சிரிப்பு இருக்கும். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் பல தலைமுறையாக இருக்கிறார்கள். அங்கே ஒரு தீபாவளி விடியலைப் பதிவு செய்தால் மனிதர்கள் அமைதியாக இருப்பார்கள், கண்மாய்க் கருவேல மரங்களில் நாரைகள் போடும் சத்தம்தான் காதைப் பிளக்கும். படத்தொகுப்பில் வேறொரு ஊர்ச் சரவெடியின் படத்தை எடுத்து, அதன் ஒலிக்குப் பதிலாக இந்தப் பறவைச் சத்தத்தை வைத்தால் கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மரியாதை இருக்கும். சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். கூட்டுக்குக் கீழே போய் நிற்காதீர்கள், கரையிலிருந்து எடுங்கள்.

எடுக்கும்போது

கைபேசியே போதும். 1080 தரம், விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த வேகத்தில் டியூப்லைட் வெளிச்சம் துடிக்காது. வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சேலை ஒவ்வொரு முறை பறக்கும்போதும் படம் இருண்டு வெளுக்கும், பார்க்கிறவர் பலகையை விட்டுவிட்டு அதைக் கவனிப்பார்.

முக்காலி அவசியம். நகைச்சுவைக்கு அகலச் சட்டகம்தான் நண்பன். முரண் என்பது இரண்டு பொருளுக்கு நடுவே இருப்பது, இரண்டும் ஒரே சட்டகத்தில் தெரிந்தால்தான் சிரிப்பு. பலகையை நெருக்கத்தில் காட்டி, பிறகு சேலையை நெருக்கத்தில் காட்டினால் நீங்கள் விரல் நீட்டி விளக்குகிறீர்கள் என்று பொருள். ஜூம் செய்வதும் அப்படித்தான். பார்வையாளர் தானே கண்டுபிடிக்க வேண்டும். அவர் கண்டுபிடித்ததற்குத்தான் சிரிக்கிறார்.

ஒவ்வொரு காட்சியையும் தேவைக்கு மேல் 15 விநாடி ஓட விடுங்கள். ‘முடிந்தது’ என்று நினைத்து எல்லாரும் தளர்ந்த பிறகுதான் ஆடு வந்து பலகையில் முதுகு சொறியும். பேட்டியிலும் அதேதான். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். நான்கு விநாடி சும்மா இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அவர் சொல்லும் இரண்டாவது வாக்கியத்தில்தான் சாரம் இருக்கும்.

ஒலியில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. சரியாகக் கேட்காத ஜோக் ஜோக்கே இல்லை. சட்டையில் மாட்டும் ஆயிரம் ரூபாய் மைக் ஒன்று, காற்றைத் தடுக்கப் பஞ்சு உறை ஒன்று. குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். செட்டிநாட்டு வீட்டுக்குள் பேட்டி எடுப்பவர் அத்தனை பேரும் ஒரு முறையாவது மாட்டிக்கொள்வது எதிரொலியில். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை. குரல் சுவரில் மோதி மோதித் திரும்பும். பேசுகிறவரை முற்றத்தைப் பார்த்தபடி தூண் ஓரமாக உட்கார வையுங்கள், கால் அடியில் இரண்டு மடிப்பு ஜமுக்காளம், கேமராவுக்குப் பின்னால் கயிறு கட்டி ஒரு கனத்த போர்வை. முற்றத்து வெளிச்சமும் முகத்தில் மெத்தென்று விழும். வெளிப்புறக் காட்சிக்குக் காலை ஆறரை முதல் எட்டரை வரை. அதற்கு மேல் வெயில் பலகை எழுத்தையே தின்றுவிடும்.

கேமராவில் தெரிபவர் ஒவ்வொருவரிடமும், ‘இது இன்ன படம், இன்ன இடத்தில் போடுவோம், இதில் சிரிப்பும் வரும்’ என்று சொல்லி, சம்மதத்தை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். ‘சிரிப்பும் வரும்’ என்பதைச் சொல்லாமல் வாங்கிய சம்மதம் சம்மதமாகாது. முதல் தொகுப்பை அவருக்குப் போட்டுக்காட்டுங்கள். ‘இது வேணாம்ப்பா’ என்றால் எடுத்துவிடுங்கள்.

வெட்டும்போது

சிரிப்புக்குப் பின் இடைவெளி எவ்வளவு என்பதுதான் படத்தொகுப்பின் உயிர்நாடி. திடலில் திரை கட்டிப் போடும்போது கூட்டம் சிரித்து அடங்க இரண்டு, மூன்று விநாடி வேண்டும். அதாவது 50 முதல் 75 சட்டகம். அந்த நேரத்தில் அடுத்த வசனம் வந்தால் யாருக்கும் கேட்காது. அதே இடைவெளியைக் கைபேசியில் தனியாகப் பார்ப்பவருக்கு வைத்தால் இழுவையாகத் தோன்றும், விரல் அடுத்த காணொளிக்குப் போய்விடும். அவருக்கு முக்கால் விநாடி போதும். எனவே திடலுக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று என்று இரண்டு தொகுப்பு செய்யுங்கள். இதைச் செய்யாமல் ஒரே படத்தை இரண்டு இடத்திலும் போட்டுவிட்டு, ‘அங்கே சிரித்தார்கள், இங்கே சிரிக்கவில்லையே’ என்று குழம்புபவர்கள் அதிகம்.

‘டொய்ங்’ ஒலி வேண்டாம். ஓடி வரும் கார்ட்டூன் எழுத்து வேண்டாம். வடிவேலு மீம் வேண்டவே வேண்டாம். காப்புரிமைச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரிக்கும், உங்கள் ஊருணியை மறந்துவிடும்.

2007-இல் ராபின் நபியும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு இந்த இடத்தில்தான் எச்சரிக்கிறது. சமூகப் பிரச்சினையை நகைச்சுவையாகக் கேட்டவர்கள் கவனமாகத்தான் கேட்டார்கள். ஆனால் ‘இது ஜோக்தானே’ என்று அதன் எடையையும் குறைத்துக்கொண்டார்கள். இதற்கு மருந்து படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். எந்த இடத்தில் விளையாட்டு முடிந்தது என்பது கண்ணுக்கும் காதுக்கும் தெரிய வேண்டும். 8 நிமிடப் படம் என்றால் முதல் நான்கு நிமிடத்தில் முக்கால் நிமிடத்துக்கு ஒரு சிரிப்பு தாராளமாக வரலாம். ஐந்தாவது நிமிடம் திரும்பும் இடம். அதே பலகை, அதே சட்டகம், ஆனால் சேலை இல்லை, ஆளில்லை, காற்றுச் சத்தம் மட்டும். பிறகு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையின் தாள், அல்லது குடத்தோடு நடக்கும் கால்கள். கடைசி ஒன்றரை நிமிடத்தில் ஒரு சிரிப்புகூட வேண்டாம். அது வேலைக்கான நேரம்.

அந்த வேலை என்ன என்பதைப் படம் எடுக்க ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ‘நீர்நிலைகளைக் காப்போம்’ என்பது வேலையில்லை. ‘மார்ச் 22 கிராம சபையில், ஊருணி வரத்துக்காலைத் தூர்வாரவும் மேலத்தெருக் குழாயைச் சரிசெய்யவும் தீர்மானம் போட வேண்டும், அதற்கு நீங்கள் வர வேண்டும்’ என்பதுதான் வேலை. ஒரு வேலை, ஒரு தேதி, போகிறவர் தனியாளாகச் செய்யக்கூடிய அளவு. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். உங்கள் படம் அந்த 100 பேரைக் கொண்டுவந்து சேர்த்தால் அதன் வேலை முடிந்தது. தேதிக்கு ஏழெட்டு நாள் முன்னால் திரையிடுங்கள். ஒரு மாதம் முன்னால் போட்டால் சூடு ஆறிவிடும், முந்தின நாள் போட்டால் பேசிக்கொள்ள நேரம் இருக்காது.

கோரிக்கையை யாரிடம் வைப்பது என்பதிலும் பிழை வரக் கூடாது. ஊருணி பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு. கண்மாய் என்றால் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். எல்லை பற்றிய சந்தேகம் இருந்தால் நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் எல்லை வரைந்த புலப்படத்தையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கிடைக்காத ஆவணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம், பதிலுக்கு 30 நாள். அந்த 30 நாளையும் உங்கள் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிகழ்வுகள்

கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மாசு பற்றி 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளி உலகமெங்கும் பரவியது. ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு பாட்டின் மெட்டில் குத்தலும் கோபமும் கலந்த சொற்கள். கூடவே ஒரு மனு, கையெழுத்துப் போட ஓர் இணைப்பு. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. காணொளி மட்டும் இதைச் சாதிக்கவில்லை. அதற்குப் பின்னால் தொழிலாளர்களின் 15 ஆண்டுப் போராட்டமும் வழக்கும் இருந்தன. நடந்துகொண்டிருந்த வேலைக்கு அந்தப் பாட்டு கூட்டத்தைக் கொண்டுவந்தது. வேலையே நடக்காத இடத்தில் கூட்டத்தை எங்கே அனுப்புவீர்கள்?

மற்றொன்று போபால். 2004 டிசம்பர் 3, விஷவாயுக் கசிவின் 20-ஆம் ஆண்டு. ‘யெஸ் மென்’ என்ற குழுவைச் சேர்ந்த ஒருவர் அந்த ஆலைக்குச் சொந்தமான யூனியன் கார்பைடைப் பின்னாளில் வாங்கிய டௌ நிறுவனத்தின் பேச்சாளர்போல பிபிசியில் தோன்றி, முழுப் பொறுப்பையும் ஏற்று இழப்பீடு தருவதாக அறிவித்தார். நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது, உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் உண்மை வெளிவரும்வரை பாதிக்கப்பட்டவர்களுக்கு அது பொய் நம்பிக்கையாகவும் இருந்தது என்ற கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்தைப் புதிதாகப் படமெடுப்பவர் ஒதுக்கிவிடக் கூடாது. சிறிய ஊரில், தினமும் முகத்தில் முழிக்க வேண்டியவர்களிடம், ஏமாற்றி எடுக்கும் நகைச்சுவை வேண்டாம் என்றே சொல்வோம். பலகையும் குழாயும் லாரியும் போதுமான அளவுக்கு வெளிப்படையாகவே நிற்கின்றன.

சோதித்துப் பார்ப்பது

முடிந்த படத்தை நண்பர்களுக்குப் போட்டுக்காட்டிப் பயனில்லை. அவர்கள் உங்களுக்காகச் சிரிப்பார்கள். தெருவில் எட்டுப் பத்துப் பேரைக் கூட்டி, நடுவில் ஒரு கைபேசியை ஒலிப்பதிவில் வைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். பிறகு அந்த ஒலியைப் படத்தோடு சேர்த்து ஓட்டினால் எந்த விநாடியில் சிரித்தார்கள், எங்கே இருமினார்கள், எங்கே பேச ஆரம்பித்தார்கள் என்பது தெரியும். இருமலும் பேச்சும் வந்த இடம் நீளம். அதை வெட்டுங்கள்.

மறுநாள் அவர்களில் மூன்று பேரிடம், ‘நேத்து படத்துல என்ன இருந்துச்சு?’ என்று மட்டும் கேளுங்கள். ‘சேலை பறந்துச்சு, கூடாதுங்கிறது மறைஞ்சு போச்சு, அந்தக் குழாயில நாலு நாளா தண்ணி இல்லையாம்ல’ என்று வந்தால் படம் சரி. ஆடு முதுகு சொறிந்ததை மட்டும் சொல்லிச் சிரித்தால், ஆடு விஷயத்தைத் தின்றுவிட்டது. எவ்வளவு நன்றாக எடுத்திருந்தாலும் ஆட்டை வெட்டி எறியுங்கள். வலிக்கும். ஆனால் ஆடு போனால்தான் குழாய் மனதில் நிற்கும்.

திரையிடும் நாளில் கடைசிச் சட்டகம் மறைந்ததும் விளக்கை உடனே போடாதீர்கள். பத்து விநாடி இருட்டு. அதற்குள் இரண்டு பேர் நோட்டோடு கூட்டத்துக்குள் போய்விட வேண்டும். கிராம சபைக்கு வருபவர்களின் பெயரும் தெருவும் எழுதிக்கொள்வதற்கு. மேடைக்கு வந்து எழுதுங்கள் என்று அறிவித்தால் நாலு பேர்தான் வருவார்கள். நோட்டு மடிக்கு வந்தால் எழுதுவார்கள்.

தீர்மானம் நிறைவேறிய ஆறு மாதம் கழித்து அதே படித்துறைக்குப் போய் அதே சட்டகத்தை மறுபடி எடுக்க வேண்டும். அதற்காக முதல் நாளே முக்காலியின் மூன்று கால் பதிந்த இடத்திலும் செம்புராங்கல்லில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, பலகையின் காலிலிருந்தும் வேப்பமரத்திலிருந்தும் எத்தனை அடி என்று நாடா பிடித்து நோட்டில் எழுதிவையுங்கள். சுண்ணாம்பு ஒரு மழையில் போய்விடும். கேமராவின் உயரம், எந்த லென்ஸ், காலை எத்தனை மணி என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.